றஜிதா ஏறுகிற வள்ளம்

— பொறுங்கோ றெமி அண்ணை, பொறுங்கோ. எனக்கு விளங்கேல்லை. ரிக்கெற் லூர்துக்கோ, வேளாங்கண்ணிக்கோ?

— இரண்டுக்கும் இல்லைப் பிள்ளை. வள்ளத்திலை போகப் போறன்.

— வள்ளமோ! என்ரை அம்மாளாச்சி, வெளியிலை மைனஸ் பதினாலு. ரொறொன்ரோவிலை இந்த வோபர்ன் முழுக்க ஐஸிலை வழுக்கிக்கொண்டு திரியுது. நீங்கள் எந்தக் கடலிலை வள்ளம் இறக்கப் போறியள்?

— கடலில்லை, ஆறு. அரிசோனாவிலை பாலைவனத்துக்குள்ளாலை ஓடுதாம். இந்தாங்கோ, எல்லாம் இந்தத் துண்டிலை எழுதிக்கொண்டு வந்தனான்.

— என்ரை கண்ணாடி எங்கை... ஓம். மார்ச் பதினேழு, காலமை எட்டு மணி. அண்ணை, இது சின்னப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஆக்கள் போற சவாரியெல்லோ? எனக்குத் தெரியும், போன வருசம் ஒரு குடும்பத்துக்கு நான்தான் புக் பண்ணிக் குடுத்தனான். பெரிய ரப்பர் வள்ளம். இரண்டு பக்கமும் சிவத்த மலை, செங்குத்தா நிக்கும். ஒரு பொடியன் பின்னுக்கு நிண்டு ஓட்டிக்கொண்டு கதை சொல்லுவான்.

— அலை அடிக்குமோ?

— சீச்சீ. அணைக்கட்டுக்குக் கீழை எண்டபடியால் தண்ணி நித்திரையிலை நடக்கிறமாதிரிப் போகும். நாலு வயசுப் பிள்ளையளையே ஏத்துவினம். இடையிலை ஒருக்கா கரையிலை இறக்கி, அந்தக் காலத்து ஆக்கள் பாறையிலை செதுக்கின மான், ஆடெல்லாம் காட்டுவினம்.

— காசு குடுத்து அலையில்லாத தண்ணியிலை குந்திக்கொண்டு போறதோ! ஊரிலை, பேசாலையிலை, மீன்பிடிக்கிற என்ரை ஆக்கள் கேள்விப்பட்டால் வயிறு நோகச் சிரிப்பாங்கள்.

— நல்ல கதை. நீங்கள்தானே கேட்டு வந்தனீங்கள். சரி, எத்தினை சீற்?

— ஒண்டு.

— தனியவோ? எழுவத்திமூண்டு வயசிலை?

— தனியத்தான். ஆனால் ஏதோ ஒரு வள்ளத்திலை ஏத்திவிட்டால் சரிவராது, யோகராணி. அண்டைக்கு மூண்டு வள்ளம் போகுதாம். அதிலை றஜிதா ஏறுற வள்ளத்திலை எனக்கு இடம் வேணும்.

— எந்த றஜிதா?

— எனக்கு எத்தினை றஜிதா? என்ரை மகள்.

— கோவிக்காதேங்கோ அண்ணை. மகள் எண்ட சொல்லை உங்கடை வாயாலை கேட்டு ஆறு வருசம். அதாலை கேட்டுப்போட்டன்.

— ம்.

— அவவுக்குத் தெரியுமோ நீங்கள் வாறது?

— தெரியாது. பள்ளிக்கூட மார்ச் பிறேக் லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகினம் எண்டு றொய்சன் வாய் தவறிச் சொல்லிப்போட்டான். தமக்கையும் தம்பியும் கதைக்கிறவைதானே. நான் ஒண்டும் கேளாத மாதிரி இருந்து, மெல்ல மெல்ல நாளையும் நேரத்தையும் அவனிட்டைப் புடுங்கினனான்.

— உண்மையாச் சொல்லுறன், இது எனக்குப் பிடிக்கேல்லை. இது வழிமறிக்கிற வேலை. கதைக்கவேணும் எண்டால் விட்பிக்கு, அவவின்ரை வீட்டை போங்கோ. அரை மணித்தியாலக் கார் ஓட்டம்.

— போகாமல் விட்டனான் எண்டு நினைக்கிறியளோ? அந்தத் தெரு முடக்கிலை இரண்டு தரம் காரை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். எல்லாம் புது வீடுகள், ஒண்டைப்போலை ஒண்டு. கராஜ் கதவு தானாத் திறக்கும், கார் உள்ளுக்குப் போகும், கதவு தானாப் பூட்டும். ஒரு மனிசரின்ரை கால்கூட நிலத்திலை படாது. மூண்டு மணித்தியாலம் இருந்தும் பேரனின்ரை தலைமயிரைக்கூட நான் காணேல்லை.

— போய் மணியை அடிச்சிருக்கலாமே.

— அடிச்சால் கதவைச் சாத்துவாள். போன் எடுத்தால் வைப்பாள். கோயிலிலை கண்டால் எழும்பிப் போவாள். வள்ளத்திலை எங்கை பிள்ளை எழும்பிப் போறது? நாலு மணித்தியாலம். சுத்திவரத் தண்ணி.

— ஐயோ, என்ன கொடுமையான யோசினை!

— கொடுமையில்லை. நானும் என்ரை அண்ணன் ஜூலியஸும் வளவு எல்லையாலை சண்டைபிடிச்சு இரண்டு வருசம் முகம் பாக்கேல்லை. ஒருநாள் ஆளில்லாமல் இரண்டு பேரும் ஒரே வள்ளத்திலை தொழிலுக்குப் போகவேண்டி வந்திட்டுது. போகேக்கை ஒரு சொல் இல்லை. வலை இழுக்கேக்கை ‘இழு’ எண்டான். நான் ‘இழுக்கிறன்’ எண்டன். அவ்வளவுதான். கரைக்கு வரேக்கை ஒரு பீடியை இரண்டு பேரும் மாறி மாறிக் குடிச்சுக்கொண்டு வந்தனாங்கள்.

— அதுக்காக...

— நான் ஒண்டும் சத்தம்போட மாட்டன். பின்பக்கமா ஒரு மூலையிலை இருப்பன். பேரப் பொடியனைப் பாப்பன். அவளிட்டை ஒரேயொரு விசயம் கேக்கவேணும். கேட்டிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன். மாதாவாணைச் சொல்லுறன்.

— என்ன விசயம்?

— அது அவளிட்டைக் கேக்கவேண்டியது.

— சரி, நான் ஆர் தடுக்கிறதுக்கு. ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோவன். மார்ச்சிலை அங்கை தண்ணி ஐஸ்போலை இருக்கும், காத்தும் அடிக்கும். நீங்கள் வேறை நல்லா மெலிஞ்சு போனியள், அந்த ஜக்கெற்றுக்குள்ளை இன்னொரு ஆள் இருக்கலாம். ஜூனிலை எண்டால் நல்ல வெய்யில். அதுக்கிடையிலை றொய்சனைக் கொண்டு மகளோடை கதைச்சு...

— ஜூன் தூரம், பிள்ளை.

— என்ன தூரம், இந்தா பனி உருக ஜூன் வந்திடும். சரி சரி, முறைக்காதேங்கோ. லாஸ் வேகாஸ் வரைக்கும் பிளேன். அங்கையிருந்து காரிலை நாலரை மணித்தியாலம். ஆர் ஓடுறது?

— இருவத்தாறு வருசம் இந்த நானூற்றியொண்டு ஹைவேயிலை டெலிவரி வான் ஓடினவன் நான்.

— அதுவும் சரிதான். பாஸ்போட் இருக்கு. இனி இன்சூரன்ஸ்.

— அது வேண்டாம்.

— வேண்டாமோ! அமெரிக்காவிலை ஒரு நாள் ஆஸ்பத்திரியிலை படுத்தால் வீட்டை விக்கவேணும். உங்கடை வயசுக்கு நான் இன்சூரன்ஸ் இல்லாமல் ஆரையும் அனுப்பிறேல்லை.

— வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லோ. அவங்கள் அந்தப் போமிலை கனக்கக் கேள்வி கேப்பாங்கள். போனை எடுங்கோ.

— நல்ல பிடிவாதம். றெஜினா அக்கா உங்களோடை எப்பிடித்தான் குடும்பம் நடத்தினவவோ... ஹலோ? குட் மோர்னிங். ரொறொன்ரோவிலை இருந்து யோகா கதைக்கிறன். மார்ச் செவென்ரீன், எய்ற் ஓ குளொக். யெஸ், வன் சீனியர், மிஸ்ரர் றெமிஜியஸ். அண்ணை, இடம் இருக்காம். எந்தக் குடும்பத்தோடை இருக்கவேணும் எண்டு கேக்கிறாள். மருமகன்ரை முழுப்பேர் என்ன?

— கீதன். தேப்பன்ரை பேர் ஸ்ரீஸ்கந்தராசா.

— இவ்வளவு நீளத்தை நான் எப்பிடி எழுத்துக்கூட்டுறது... எஸ், ஆர், ஐ... நோ? ஓகே. அந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லையாம்.

— அப்ப றஜிதா கீதன் எண்டு பாக்கச் சொல்லுங்கோ. கலியாணம் முடிச்சவளெல்லோ, புருசன்ரை பேருக்கு மாத்தியிருப்பாள்.

— ஆர், ஏ, ஜே... யெஸ்... யெஸ். அண்ணை!

— என்ன?

— இருக்காம். முதலாவது வள்ளம், மூண்டு பேர். றஜிதாவின்ரை பேரிலைதான் புக் பண்ணியிருக்கினம். றஜிதா றெமிஜியஸ்.

— என்ன பேர் எண்டனீங்கள்?

— றெமிஜியஸ். உங்கடை பேர்தான் அண்ணை. அவ இன்னும் மாத்தேல்லை.

— வடிவாக் கேளுங்கோ. வேறை ஆருமா இருக்கும்.

— விட்பி விலாசம்தானாம். அழாதேங்கோ அண்ணை. இந்தாங்கோ, ரிஷ்யூ.

— அழேல்லை. கண்ணிலை தண்ணி வருது, அவ்வளவுதான். எட்டு வருசம் கலியாணம் முடிச்சு. என்னோடை கோவிச்சு ஆறு வருசம். கையெழுத்து வைக்கிற இடமெல்லாம் என்ரை பேரை எழுதியிருக்கிறாள், என்ன?

— பின்னை? எங்கடை ஆக்களிலை தேப்பன்ரை பேர்தானே பிள்ளைக்குப் பின்பேர்... யெஸ், ஐ ஆம் ஹியர். வட்? கிறாண்ட்பா? நோ, நோ, லிசின், டோன்ற் சென்ட்... ஹலோ? ஐயோ கடவுளே.

— என்ன நடந்தது?

— அவள் வெள்ளைக்காரப் பிள்ளை பேரைப் பாத்திட்டுத் துள்ளுறாள். இதுவும் றெமிஜியஸ், அதுவும் றெமிஜியஸ், ஒரே குடும்பம் எண்டு நினைச்சுப்போட்டாள். ஒரு ஆளைச் சேர்க்கிறதெண்டால் முதல் புக் பண்ணின ஆள் ஓம் எண்டு சொல்லவேணுமாம். ‘உங்கடை அப்பாவும் வாறாராம், சேர்த்து இருத்தட்டோ’ எண்டு மகளுக்கு மெசேச் தட்டிவிட்டாளாம். மறுமொழி வந்தவுடனை எனக்கு ஈமெயில் போடுவாளாம்.

— அனுப்பிட்டாளோ?

— நான் வேண்டாம் எண்டு சொல்ல முதலே அனுப்பிட்டாள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை.

— நீங்கள் என்ன செய்வியள். இருந்து பாப்பம்.

— தேத்தண்ணி போடுறன். அந்தப் பெட்டிக்குள்ளை மீன் ரோல்ஸ் இருக்கு, சூடு. எடுங்கோ.

— வேண்டாம். இப்ப ஒண்டும் இறங்குதில்லை.

— முந்தி வந்தால் பெட்டியையே முடிச்சிட்டுப் போற ஆள்.

— பொடியனுக்கு மிதுனன் எண்டு பேர். ஆறு வயசு. இடக்கையாலை சாப்பிடுறானாம். றெஜினாவும் இடக்கைக்காரி. சின்னனிலை தாய்க்காரி கையைக் கட்டிவைச்சு வலக்கைக்குப் பழக்கினது. ஆனால் கோவம் வந்தால் இடக்கையாலைதான் அகப்பையைத் தூக்குவாள். அதை அவனுக்குச் சொல்லவேணும். உன்ரை கை அம்மம்மாவின்ரை கை எண்டு சொல்லவேணும்.

— சொல்லலாம் அண்ணை. பேரை மாத்தாமல் வைச்சிருக்கிறாளெல்லோ. அப்ப மனசிலை ஏதோ இருக்கு.

— அப்பிடித்தான் நானும் நினைக்கிறன். என்ன?

— அப்பிடித்தான்.

— அந்தத் தண்ணியிலை மீன் இருக்குமோ? அவனுக்குக் காட்டலாம். மீன் திரும்புறதைத் தண்ணி நிறத்திலை கண்டுபிடிக்கலாம். கனடாவிலை பிறந்ததுக்கு அதெல்லாம் ஆர் சொல்லிக்குடுக்கிறது?

— அண்ணை, நான் ஒண்டு கேக்கட்டோ? ஆறு வருசமா எனக்குள்ளை கிடக்கு.

— கேளுங்கோ.

— அண்டைக்கு றெஜினா அக்கா மோசம்போன அடுத்த நாள், நீங்கள் இதே கதிரையிலை இருந்தனீங்கள். மரண அறிவித்தலை நான்தான் ரைப் பண்ணினனான். ‘அன்னார் றெமிஜியஸின் அன்பு மனைவியும்’ எண்டு அடிச்சுப்போட்டு, பிள்ளையளின்ரை பேரைச் சொல்லுங்கோ எண்டன். நீங்கள் றொய்சன் எண்டனீங்கள். நான் இரண்டு தரம் கேட்டனான். மகளின்ரை பேர்?

— ஓம். இரண்டு தரம் கேட்டனீங்கள்.

— நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கோ?

— ‘எனக்கு ஒரு பிள்ளைதான்.’ மறக்கக்கூடியதோ? கோயிலிலை கலியாண ஓலை வாசியாமல், சுவாமியாரிட்டைச் சொல்லாமல், ஒரு சைவப் பெடியனை றெஜிஸ்ரரிலை எழுதி முடிச்சாள் எண்ட கோவம். அந்தக் கவலையிலைதான் றெஜினாவுக்கு வருத்தம் முத்தினது எண்டு ஒரு விசர்க் கணக்கு. எனக்கு அப்ப கண் தெரியேல்லைப் பிள்ளை.

— நான் மாட்டன் எண்டு சொல்லியிருக்கவேணும். எந்த ஊரிலை, எந்த நாட்டிலை இருந்தாலும் எங்கடை சனம் முதல் வாசிக்கிறது அதைத்தானே. மச்சாளின்ரை மச்சானுக்கும் அதிலை பேர் இருக்கும். பெத்த பிள்ளைக்கு இல்லை.

— அவள் போனிலைதான் வாசிச்சவளாம். எட்டு மாச வயிறோடை விட்பியிலை இருந்து வந்துகொண்டிருக்கேக்கை. வந்தவள், பியூனரல் பார்லருக்குள்ளை கடைசி வாங்கிலை இருந்தாள். பெட்டி மூட முதல் பிள்ளையளை முத்தம் குடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டவை. றொய்சன் போய்க் கையைப் பிடிச்சு இழுத்தவன். ‘நான் லிஸ்ற்றிலை இல்லையடா’ எண்டு சொல்லிப்போட்டு எழும்பேல்லை. தாயை முத்தமிடாமல் போட்டாள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை.

— காணும் அண்ணை. தேத்தண்ணி ஆறுது.

— அதென்ன சத்தம்?

— ஈமெயில்.

— அவளோ?

— கம்பனிக்காரப் பிள்ளைதான்.

— வாசியுங்கோ.

— மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். தன்ரை பிழையாம்.

— மகள் எழுதினது என்ன?

— அண்ணை, வள்ளம் நிரம்பிட்டுது போலை கிடக்கு...

— யோகராணி. நான் கிழவன்தான், குழந்தையில்லை. அவள் எழுதினதை அப்பிடியே தமிழிலை சொல்லுங்கோ.

— ‘நீங்கள் பிழையா விளங்கியிருக்கிறியள். எங்கடை குடும்பம் மூண்டு பேர்தான். எனக்கு அப்பா இல்லை.’

— இன்னொருக்கா வாசியுங்கோ.

— மாட்டன்.

— அவ்வளவுதானோ? கீழை ஒண்டும் இல்லையோ?

— கீழை பேர் மட்டும் இருக்கு. றஜிதா றெமிஜியஸ்.

— ம்... சரியாத்தான் எழுதியிருக்கிறாள். என்ரை பிள்ளையெல்லோ. நான் சொன்ன நீளத்துக்குத்தான் அவளும் சொல்லியிருக்கிறாள்.

— கோவத்திலை எழுதியிருப்பா, அண்ணை. திடீரெண்டு கேட்டால் ஆரும் அப்பிடித்தான்... இஞ்சை பாருங்கோ, இரண்டாவது வள்ளத்திலை ஒரு இடம் இருக்காம். வேணுமெண்டால் பிடிச்சு வைக்கிறாளாம். அவையின்ரை வள்ளத்துக்குப் பின்னாலை போகும். கரையிலை இறங்கேக்கை பொடியனைத் தள்ளி நிண்டு பாக்கலாம்.

— வேண்டாம். நான் பின்னாலை வாறன் எண்டு தெரிஞ்சால் அவள் மலையைப் பாக்க மாட்டாள், தண்ணியைப் பாக்க மாட்டாள், திரும்பித் திரும்பி என்னைத்தான் பாப்பாள். இல்லாட்டி எல்லாத்தையும் கான்சல் பண்ணிப்போட்டு வீட்டிலை இருப்பாள். பொடியன்ரை சவாரி பழுதாப்போம். அந்த ஆள் வராது, பயப்பிடாமல் போகச் சொல்லி எழுதிவிடுங்கோ.

— அந்த ஆள் எண்டோ எழுதுறது?

— பின்னை என்னெண்டு எழுதுறது?

— சரி. அனுப்பியாச்சு. அண்ணை, மனதை விடாதேங்கோ. பனி உருகட்டும். மே மாதம் நான் விட்பிக்குப் போறன். கராஜ் கதவுக்கு முன்னாலை கதிரை போட்டெண்டாலும் இருந்து கதைக்கிறன். அந்த அறிவித்தலை அடிச்ச கை என்ரை. எனக்கும் அவவிட்டைச் சொல்லவேண்டியது இருக்கு.

— மே வரைக்கும் டொக்டர் சொல்லேல்லை, பிள்ளை.

— என்ன?

— ஈரல். டிசம்பரிலை, நத்தாருக்கு முதல்தான் கண்டுபிடிச்சவை. அதுதான் உங்கடை இன்சூரன்ஸ் போமைத் தொடேல்லை.

— ஐயோ அண்ணை... றொய்சனுக்குத் தெரியுமோ?

— சொல்லேல்லை. சொன்னால் அவன் அக்காவுக்குச் சொல்லுவான். அவள் இரக்கப்பட்டு வருவாள். சாகிற மனிசனுக்காக வாறது வேறை, தேப்பனுக்காக வாறது வேறை. நீங்களும் சொல்லக்கூடாது.

— என்னாலை ஏலாது. இதைக் கேட்டிட்டு நான் எப்பிடி...

— அழாதேங்கோ. கடைக்கு ஆக்கள் வருவினம். எனக்கு இன்னொரு அலுவல் இருக்கு. றெஜினாவின்ரை அந்த அறிவித்தல் உங்கடை கொம்பியூட்டரிலை இன்னும் கிடக்கோ?

— கிடக்கு. ஏன், திருத்தப் போறியளோ? ஆறாவது ஆண்டு நினைவஞ்சலி எண்டு றஜிதாவின்ரை பேரோடை போடுவம் அண்ணை. நாளைக்கே போடுவம். அதை அவ பாப்பா.

— இல்லை. அதைத் தொடாதேங்கோ. நான் செய்தது அப்பிடியே கிடக்கட்டும். அதைக் கொப்பி எடுத்து, றெஜினா எண்ட இடத்திலை என்ரை பேரை அடியுங்கோ.

— அண்ணை!

— அடியுங்கோ பிள்ளை. றொய்சனுக்குத் தமிழ் எழுத வராது, அவன் தடுமாறுவான். இப்பவே எழுதி வைப்பம். ‘மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறொன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட...’ வாசிக்கிறியளோ?

— ‘...கொண்ட பஸ்ரியன் றெமிஜியஸ் அவர்கள்...’ திகதியை விடுறன். ‘காலஞ்சென்ற றெஜினாவின் அன்புக் கணவரும்...’ அடுத்தது பிள்ளையள், அண்ணை.

— றொய்சனை இரண்டாவதாப் போடுங்கோ.

— முதலாவதா?

— வெறுமையா விடுங்கோ. ‘என்ரை அறிவித்தலிலை உன்ரை பேரைப் போடலாமோ மோனை’ எண்டு அவளிட்டை ஒருக்காக் கேக்கத்தான் நான் அந்த வள்ளத்திலை இடம் கேட்டனான்.